தெற்குச் சுவர்

ரங்கூனின் தாகேதாவில் புஷ்பலதா வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் அன்று பதினோரு பிள்ளைகள் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, மார்ச் இருபத்தெட்டு. மணி பன்னிரண்டே முக்கால் தாண்டியிருந்தது. மின்சாரம் இல்லை. ஆசிரியையைப் பர்மிய வழக்கப்படி செயாமா என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். முதல் வரிசையில் இருந்த பெண் தலையைப் பிடித்துக்கொண்டு, "செயாமா, மயக்கமா வருது," என்றாள். அடுத்த நொடி பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள்.

புஷ்பலதா சமையலறை வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மைப் பார்த்தாள். தண்ணீர் சத்தமில்லாமல் ஒரு பக்கம் ஏறி, நின்று, மறுபக்கம் இறங்கியது. வீடு குலுங்கவில்லை. ஆற்றில் நிற்கும் படகு போல மெதுவாக ஆடியது.

பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, தானும் வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஆட்டம் அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. இவ்வளவு மெதுவாக, இவ்வளவு நேரம் ஆடினால், நிலம் பிளந்தது பக்கத்தில் இல்லை. வெகு தூரத்தில், மிகப் பெரிதாகப் பிளந்திருக்கிறது. எங்கே என்பதையும் அவளால் ஊகிக்க முடிந்தது. நாட்டை வடக்கு தெற்காக வகிர்ந்துகொண்டு போகும் சகாயிங் பிளவைப் பதினான்கு வருடம் பல்கலைக்கழகக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் அவள். இருபத்தொன்றாம் ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது வேலைக்குத் திரும்ப மறுத்து வெளியே வந்த ஆசிரியர்களில் ஒருத்தி. அதற்குப் பிறகு நிலவியல் கேட்டு அவளிடம் யாரும் வரவில்லை. இரசாயனமும் பௌதிகமும்தான் சோறு போட்டன.

மாலைக்குள் மாண்டலேயின் படங்கள் கைபேசிகளில் வந்துவிட்டன. சரிந்த விகாரைகள், தரையோடு படிந்த மாடிக் கட்டடங்கள், தொழுகை நேரத்தில் இடிந்த பள்ளிவாசல்கள். அது ரமலானின் கடைசி வெள்ளி.

புஷ்பலதாவின் சபை பசுண்டாங் கால்வாய்க்கு மேற்கே இருந்தது. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை செய்த தமிழர்கள் நூறு வருடத்துக்கு முன்னால் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய ஆலயம். போதகர் உதயசூரியன் அங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் சைக்கா என்னும் மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டியவர், இரண்டாயிரத்து எட்டில் அடித்த நர்கீஸ் புயலுக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அவர் தன்னைப் பற்றிப் பேசியதில்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் நடந்தே வந்து விடுவார். சபை அவரை நம்பியது, புஷ்பலதாவும் நம்பினாள்.

ஏப்ரல் முதல் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் அவர் அவளைத் தனியாக அழைத்தார்.

"செயாமா, பூமியப் பத்திப் படிச்ச ஆளு நம்ம சபையில நீங்க ஒருத்தர்தான். ஜனங்க பயந்துபோய் இருக்காங்க. எப்படி நடந்துச்சுன்னு பத்து நிமிஷம் பேசுங்க. ஏன் நடந்துச்சுன்னு நான் பேசுறேன்."

அவளுக்கு அந்தப் பங்கீடு பழக்கமானதுதான். வீட்டிலேயே அப்படித்தான் வளர்ந்தாள். அப்பா ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர், பூமிக்கு வயது ஆறாயிரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவள் நிலவியலில் பட்டம் வாங்கி வந்த அன்று, "இனிமே வேதத்துல முதல் அதிகாரத்த என்ன பண்ணுவ?" என்று கேட்டார். "அது வேற, இது வேறப்பா," என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. ஞாயிறன்று ஒரு பூமி, மற்ற நாட்களில் ஒரு பூமி என்று இருபது வருடம் அவள் ஓட்டியிருந்தாள். ஒன்று மற்றொன்றின் வாசலைத் தட்டியதில்லை.

பத்து நிமிடம் பேசினாள். பிளவு ஓடும் கோட்டை ஒரு தாளில் வரைந்து காட்டி, இரண்டு பெரிய பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்வதையும், நகர முடியாமல் சிக்கிக்கொண்ட இடத்தில் பல பத்தாண்டுகள் அழுத்தம் சேர்ந்து ஒரே நிமிடத்தில் விடுபட்டதையும் சொன்னாள். முடித்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

போதகர் எழுந்தார்.

"செயாமா சொன்ன கோட்டைப் பாத்தீங்களா? அது எந்தக் கோபுரத்துக்கு அடியில போகுது, எந்தப் பள்ளிவாசலுக்கு அடியில போகுது? யோசிச்சுப் பாருங்க. அது கர்த்தருடைய விரல் கிழிச்ச கோடு. நம்ம ஆலயத்துல ஒரு செங்கல் விழுந்துச்சா?"

ஆமென் என்று கூட்டம் சொன்னது. சகாயிங்கிலும் மாண்டலேயிலும் கிறிஸ்தவ ஆலயங்களும் இடிந்ததை அவள் படங்களில் பார்த்திருந்தாள். எழுந்து அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போதகரின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைத் தெற்குச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் விரிசலைக் கவனித்தாள். ஜன்னல் வளைவின் உச்சியிலிருந்து மேல்மாடத்தைத் தாங்கும் உத்தரம் வரைக்கும் அது ஏறியிருந்தது. முன்பு முடி அளவுக்கு இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது விரல்நகம் போகும். மாடத்தில் பிள்ளைகளின் பாடகர் குழு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் நகரின் நடுவே இருந்த பபேடானுக்குப் போனாள். நூருன்னிசாவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நூருன்னிசாவின் குடும்பத்துக்கு அங்கே மூன்று தலைமுறையாக மூக்குக்கண்ணாடிக் கடை. அவள் தம்பி அஸ்கர் சரக்கு கொடுக்க மாண்டலே போனவன், அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்கள். அங்கேயே அடக்கம் நடந்தது.

கடை பாதி சாத்தியிருந்தது. நூருன்னிசா உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். புஷ்பலதா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கைகால் கழுவி ஒளுவோட போனான், புஷ்பா. நோன்போட போனான்," என்றாள் நூருன்னிசா. பிறகு, "உங்க சபையில எங்க ஆளுங்களுக்காக துஆ பண்ணுனீங்களா?" என்று கேட்டாள்.

"பண்ணுனோம்," என்றாள் புஷ்பலதா.

நூருன்னிசா அவள் கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையோடுதான் புஷ்பலதா பஸ் ஏறி வீடு வந்தாள். தன் வாயிலிருந்து வந்த கோட்டை எடுத்துத்தான் போதகர் அஸ்கரை அடித்தார் என்பது அவளுக்குத் தெளிவாக இருந்தது. எப்படி என்பதைச் சொல்லிவிட்டு, ஏன் என்பதை வேறொருவரிடம் விட்டுவிட்டு உட்கார்ந்ததால் வந்த வினை.

சுவரைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. கட்டட வேலை தெரிந்த ஒருவன்தான் அவளுக்கு இருந்தான். அவள் தம்பி தமிழ்மணி, கட்டட மேஸ்திரி. அவனோடு அவள் பேசி நான்கு வருடம் ஆகப்போகிறது.

இருபத்தேழு வயதில் தமிழ்மணி பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையில் சேர்ந்தான். வெள்ளைச் சட்டையும் மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக வந்த இரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் ஒரு வருடம் அவனோடு நடந்தார்கள். மார்மன் ஆகிவிட்டான் என்று தமிழ்ச் சபை முழுக்கப் பேச்சானது. அந்தச் சபை விதிப்படி சாராயத்தை மட்டுமா, தேநீரையும் விட்டுவிட்டான். ரங்கூனில் தேநீர் குடிக்காத மேஸ்திரியை யார் நம்புவார்கள் என்று அப்பா கேட்டார். அதற்குப் பிறகு அவனோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்துவிட்டார்.

இருபத்தொன்றாம் ஆண்டு ஜூலையில் அப்பாவுக்குக் கொரோனாவில் மூச்சுத் திணறியபோது, புஷ்பலதா சபையாரோடு கட்டிலைச் சுற்றி ஜெபித்தாள். தமிழ்மணி காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஆக்சிஜனுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றான். அவன் கொண்டுவந்து சேர்த்தபோது அப்பா போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கல்லறையில் ஒரு ஜெபம் சொல்லட்டுமா என்று அவன் கேட்டான். மூப்பர்கள் கூடாது என்றார்கள். புஷ்பலதாவும் கூடாது என்றாள். விஞ்ஞானம் படித்த தான் வீட்டில் உட்கார்ந்திருக்க, படிக்காதவன் வரிசையில் நின்றான் என்பதை அவளால் மறக்கவும் முடியவில்லை, அவனிடம் சொல்லவும் முடியவில்லை. அதனாலேயே பேசாமல் இருந்தாள்.

இப்போது அவனை அழைத்தாள். மாண்டலேயில் இடிபாடு அகற்றிவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான்.

"ஒரு சுவரைப் பாக்கணும், தம்பி. நம்ம ஆலயத்துச் சுவர்."

"எப்ப வரட்டும்க்கா?" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

செவ்வாய் காலை, ஆலயத்தில் யாருமில்லாத நேரத்தில் வந்தான். இளைத்திருந்தான், உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. ஏணி போட்டு ஏறி விரிசலுக்குள் ஓர் ஆணியை விட்டுப் பார்த்தான். சாந்து மாவாக உதிர்ந்தது.

"எல்லாம் சுண்ணாம்பு. அடியில கால்வாய் மண்ணு. அசையுதா, நின்னுபோச்சான்னு பாத்தாத்தான் தெரியும். மெல்லிசா கண்ணாடி இருக்கா?"

பல்கலைக்கழகத்தை விட்டு வந்தபோது கொண்டுவந்த பொருட்களில் நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகள் ஒரு பெட்டி இருந்தது. பாறைச் சீவல்களை ஒட்டிப் பார்ப்பதற்கானவை. ஐந்து சில்லுகளை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் ஜிப்சம் அப்பி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் பென்சிலால் தேதி எழுதினாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

வேலை முடிந்து படியில் உட்கார்ந்தார்கள். தெருமுனைக் கடையிலிருந்து அவள் தனக்கு ஒரு தேநீரும் அவனுக்குக் கரும்புச் சாறும் வாங்கி வந்தாள்.

"மணி, அன்னைக்குக் கல்லறையில உன்னை ஜெபம் பண்ண விட்டிருக்கணும்."

"கேஸ மஷிபூக்கா," என்றான். பரவாயில்லை என்பதை அவன் எப்போதும் பர்மியில்தான் சொல்வான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

போதகர் பேசியதை அவள் சொன்னாள். தான் எழுந்து நிற்காததையும் நூருன்னிசாவிடம் பொய் சொன்னதையும் சொன்னாள். "உங்க சபையில இதுக்கு என்ன சொல்றாங்க? அது யாரோட விரல்?"

அவன் கரும்புச் சாற்றைக் கீழே வைத்தான்.

"எங்க ஆளுங்கள்லயும் போதகர் மாதிரி பேசுறவங்க இருக்காங்க. பூமிக்கு ஆறாயிரம் வருஷம்னு சொல்றவங்களும் இருக்காங்க, நீ சொல்ற கோடி வருஷத்தை ஒத்துக்கிறவங்களும் இருக்காங்க. சபை ஒரு கணக்கும் சொல்றதில்ல. ஆனா ஒண்ணு சொல்லிக்குடுத்தாங்க. தேவன் ஒண்ணுமில்லாததுல இருந்து உலகத்தை உண்டாக்கல. மண்ணும் கல்லும் எப்பவுமே இருந்துச்சு, அதை எடுத்து ஒழுங்குபடுத்திக் கட்டினாரு. எனக்கு அது உடனே புரிஞ்சுது. மேஸ்திரி கல்லை வச்சு வீடு கட்டலாம். கல்லோட குணத்தை மாத்த முடியாது."

"அப்ப அவரால நிறுத்த முடியாதுன்னு சொல்றியா?"

"எனக்குத் தெரியலக்கா. மாண்டலேல ஒரு ஆளு, இடுப்பு வரைக்கும் ஸ்லாபு. நான் தலையில எண்ணெய் தொட்டு ஜெபம் பண்ணுனேன். பக்கத்துல இருந்தவன் ஜாக்கி போட்டான். பொழைச்சிட்டான். அடுத்த வீட்டுல அதே மாதிரி பண்ணுனோம், அந்தம்மா போயிடுச்சு. ரெண்டையும் ஒரே கையாலதான் பண்ணுனேன். அங்க நின்னப்ப, தேவன் இடிச்சிட்டு நிக்கிறாருன்னு எனக்குத் தோணல. எங்களோட சேந்து அழுதுக்கிட்டு நிக்கிறாருன்னுதான் தோணுச்சு. எங்க சபையில தேவன் அழுவாரு."

புஷ்பலதாவுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, ஏற்க முடியாமலும் இருந்தது. சிறு வயதிலிருந்து அவள் அறிந்த தேவன் வார்த்தையால் வெளிச்சத்தை உண்டாக்கியவர். கல்லின் குணம் அவரைக் கட்டுப்படுத்தும் என்றால் அவர் சிறியவராகிவிடுகிறார். கட்டுப்படுத்தாது என்றால் அஸ்கர் விஷயத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி நிற்கிறது. எந்தப் பக்கமும் போக முடியாமல் தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிச் சில்லுகளைப் பற்றிப் போதகரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "ஒட்டுங்க, பாக்கலாம். நூறு வருஷம் நின்ன சுவரு," என்றார்.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா அந்த வருடம் ஆரவாரமில்லாமல் கழிந்தது. அடுத்து வந்தது பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு புஷ்பலதாவும் தமிழ்மணியும் ஏணியைப் போட்டார்கள். ஐந்தில் இரண்டு உடைந்திருந்தது. மேலிருந்த சில்லு நடுவில் பிளந்து, பிளவு அரிசி அகலத்துக்கு விலகியிருந்தது.

போதகர் பீடத்தருகே துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். புஷ்பலதா உடைந்த சில்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"ஐயா, சுவர் அசையுது. ஞாயித்துக்கிழமை உயிர்த்தெழுதல் ஆராதனை. மாடம் முழுக்கப் பிள்ளைங்க இருப்பாங்க. வெளியில வச்சுக்குவோம்."

"வெயில்ல உடைஞ்சிருக்கும்."

"வெயில் அந்தச் சுவருக்கு உள்பக்கம் வராது, ஐயா."

அவர் தமிழ்மணியைப் பார்த்தார். "மேஸ்திரி சொல்லு. இந்தச் சுவர் ஞாயித்துக்கிழமை விழுமா?"

"அப்படிச் சொல்ல முடியாது, ஐயா. அசையுது, அது மட்டும் நிச்சயம். நாளைக்கும் விழலாம். பத்து வருஷம் நிக்கவும் நிக்கலாம்."

"தெரியாதுங்கிறதை நம்பி, மூணு வாரமா கர்த்தர் காப்பாத்துன ஆலயத்தை விட்டு வெளிய போகச் சொல்றியா?" போதகர் குரலை உயர்த்தவில்லை. "ஜனங்க என்ன நினைப்பாங்க? போன தடவை ஒரு செங்கல் விழலன்னு சொன்ன வாயி இது."

"அந்தப் பேச்சைப் பத்தியும் நான் கேக்கணும், ஐயா," என்றாள் புஷ்பலதா. "நான் சொன்ன கோட்டை வச்சுத்தான் நீங்க அப்படிப் பேசுனீங்க. அந்தக் கோடு யார் சாமிய கும்பிடுறாங்கன்னு பாத்துப் போகல. நம்ம ஆலயங்களும் அங்க விழுந்திருக்கு. என் சிநேகிதியோட தம்பி நோன்போட தொழுதுக்கிட்டிருந்தான். அவனைக் கர்த்தர் அடிச்சாருன்னு நான் நம்பல. அன்னைக்கே எழுந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். ஞாயித்துக்கிழமை நான் வாசல்ல நின்னு, உள்ள போற ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்தச் சில்லைக் காட்டுவேன்."

போதகர் மடித்த துணியைக் கீழே வைத்தார். முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு பையன் இருந்தான். மோகன். ஒன்பது வயசு. லீவுக்குத் தெற்க கடலோரம் மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். சைக்கா மிதிச்ச காசுல நானே பஸ் ஏத்தி விட்டேன். நர்கீஸ் அடிச்சுது. நாலு நாள் கழிச்சு நடந்து போனேன். கிராமமே இல்ல."

போதகர் பீடத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"அப்ப ஒரு ஊழியக்காரர் வந்தாரு. எதுவும் காரணமில்லாம நடக்காது, கர்த்தர்கிட்ட கணக்கு இருக்குன்னாரு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் எழுந்து நின்னேன். நீங்க ரெண்டு பேரும் வந்து பாறை, காத்து, சுண்ணாம்புங்கிறீங்க. என் பையன் செத்ததுக்குக் காத்துதான் காரணம்னா, நான் யார்கிட்ட போய்க் கேக்குறது?"

தமிழ்மணி அவருக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தான்.

"கர்த்தர்கிட்டதான் கேக்கணும், ஐயா. கேக்க வேணாம்னு யாரும் சொல்லல. அவரும் பெத்தவருதானே."

"நிறுத்த முடியாத தேவன்கிட்ட என்னத்தைக் கேக்குறது?"

"நிறுத்த முடிஞ்சும் நிறுத்தாதவர்கிட்ட இத்தனை வருஷமா என்ன கேட்டீங்க?"

இதைச் சொன்ன உடனே தமிழ்மணி பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டான். போதகர் அவனை அடிக்கப் போகிறார் என்றே புஷ்பலதா நினைத்தாள். அவர் எழுந்து, பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை அவள் மறுபடி பபேடானுக்குப் போனாள். கடையில் நூருன்னிசா தனியாக இருந்தாள். தான் சொன்னது பொய் என்பதையும், சபையில் உண்மையில் என்ன பேசப்பட்டது என்பதையும் சொன்னாள். நூருன்னிசா கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நீ என்ன பண்ணுன?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

"இப்ப எதுக்கு வந்து சொல்ற?"

"உன்கிட்ட பொய்யோட இருக்க முடியல."

"சரி," என்றாள் நூருன்னிசா. தேநீர் சொல்லவில்லை. அவள் எழுந்தபோதும் வாசல் வரை வரவில்லை. அந்தச் சிநேகிதம் பழையபடி ஆகப் பல மாதங்கள் பிடித்தன.

ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு, சில்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு புஷ்பலதா ஆலயத்துக்கு வந்தாள். வாசலில் நிற்க வேண்டும், மூப்பர்கள் தள்ளினாலும் நகரக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். வளாகத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். தூங்குமூஞ்சி மரத்தடியில், சுவரிலிருந்து நல்ல தூரம் தள்ளி, பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிவந்தார். மறுமுனையில் தமிழ்மணி இருந்தான்.

அவளைப் பார்த்துப் போதகர், "பாய் விரிங்க, செயாமா. பிள்ளைங்க முன்னால உக்காரட்டும்," என்றார். அவ்வளவுதான்.

மூப்பர் ஒருவர் முகம் சுளித்துக்கொண்டு நின்றார். உயிர்த்தெழுந்த நாளில் ஆண்டவர் வீட்டைப் பூட்டி வைத்திருப்பது என்ன விசுவாசம் என்று கேட்டார். "இது என் தீர்மானம்," என்றார் போதகர். வெளிச்சம் வந்தது, பாட்டு ஆரம்பித்தது. அன்று அவர் பிரசங்கம் சிறியது. இரண்டு வாரத்துக்கு முன்னால் தான் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை, மறுபடி சொல்லவும் இல்லை. முடிவில் ஒரு தாளை எடுத்தார்.

"நிலநடுக்கத்துல போனவங்க பேரு, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க. வாசிக்கிறேன்."

புஷ்பலதா எழுந்து நின்றாள். "அஸ்கர்," என்றாள். போதகர் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கிழவர் மாண்டலேயில் தனக்குச் சோறு போட்ட பர்மியப் பெண்ணின் பெயரைச் சொன்னார். ஒன்பது பெயர்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் நிறுத்தி வாசித்து, கடைசியில் தன் பையனின் பெயரையும் வாசித்தார். அது யாரென்று சபையில் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

சுவர் விழவில்லை. அந்த ஞாயிறும் விழவில்லை, மழைக்காலம் முழுவதும் விழவில்லை. தமிழ்மணி மரத்தூண்கள் முட்டுக்கொடுத்து, தென்பகுதியைக் கயிறு கட்டி அடைத்தான். இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. செயாமா விசுவாசம் இல்லாதவள், மார்மன் தம்பியின் பேச்சைக் கேட்டுச் சபையை வெளியே உட்கார வைத்தவள் என்று சொன்னவர்கள் உண்டு. விழாத சுவரைக் காட்டி வாதாட அவளிடம் ஒன்றும் இல்லை. வருடக் கடைசியில் மாடத்தை இறக்கிச் சுவரைப் பிரித்துக் கட்டினார்கள். இன்னும் எத்தனை நாள் நின்றிருக்கும் என்று பிரித்தவர்களாலும் சொல்ல முடியவில்லை.

அதற்கெல்லாம் வெகு முன்னால், ஆராதனை வெளியே நடந்து பன்னிரண்டாம் நாள், மே இரண்டாம் தேதி, போதகர் அவளையும் தமிழ்மணியையும் டாலாவுக்கு அழைத்தார். நர்கீஸ் அடித்த தேதி அது. மதியப் படகில் ஆற்றைக் கடந்தார்கள். துறையிலிருந்து தள்ளி, கரையோரம் சைக்காக்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். பையனைப் பஸ் ஏற்ற அங்கிருந்துதான் புறப்பட்டாராம்.

அவர் தெற்கே ஆறு திரும்பும் இடத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"செயாமா, தண்ணி எப்படி வந்திருக்கும்? இத்தனை வருஷம் நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. கேக்கப் பயமா இருந்துச்சு."

அவள் சொன்னாள். காற்று கடலைக் கரைக்குத் தள்ளுவதையும், ஆழமில்லாத கரையில் நீர் ஒதுங்க இடமில்லாமல் மேலே ஏறுவதையும், ஆற்று வாய்களின் வழியே அது உள்ளே புகுந்து வருவதையும், தட்டையான நிலத்தில் தடுப்பதற்கு ஒரு மேடும் இல்லாததையும் சொன்னாள். இந்த முறை பத்து நிமிடத்தில் முடிக்கவில்லை. அவர் இடையிடையே கேட்டார். எவ்வளவு உயரம், எந்தத் திசையிலிருந்து, மரம் ஏறியவர்கள் ஏன் பிழைத்தார்கள். தெரிந்ததைச் சொன்னாள்.

"அவனுக்கு அப்ப தெரிஞ்சிருக்குமா? பயந்திருப்பானா?"

"அது எனக்குத் தெரியாது, ஐயா."

அவர் தலையசைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, முழங்கால் போட்டார். தமிழ்மணி ஒரு பக்கம் முழங்கால் போட்டான். புஷ்பலதா மறுபக்கம். போதகர் ஜெபித்தார். கர்த்தரே, அந்த இரவில் நீர் எங்கே இருந்தீர் என்று கேட்டார். இவ்வளவு நேரடியாக அவர் ஜெபித்து அவள் கேட்டதில்லை. ஜெபத்துக்கு முடிவாக ஒரு வசனமும் சொல்லவில்லை. ஆமென் மட்டும் சொன்னார். அவர்களும் சொன்னார்கள்.

கடல் ஓதத்தில் ஆற்று நீர் ஏற ஆரம்பித்திருந்தது. தமிழ்மணி அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ஒரு சைக்காக்காரர் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். போதகர் அதில் காலைக் கழுவிக்கொண்டு, அந்த மனிதரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டே படகுத்துறைக்கு நடந்தார்.